தேய்ப்பு வண்டி படம்: எடிட் பண்ணிப் பண்ணியே கெடுத்துட்டேனா?

#1 தெற்குமாசி

வணக்கம் மக்களே. ஆறு மாசமா படிக்கிறதோட சரி, இன்னைக்குத்தான் வாயத் திறக்குறேன்.

மதுரையில ஒரு ஹார்டுவேர் கடையில பில் போடுற வேலை. ஒன்பதரைக்குக் கடை திறக்கணும். அதுக்கு முன்னாடி கிடைக்கிற ரெண்டு மணி நேரம் மாசி வீதிகள்ல அங்கிட்டும் இங்கிட்டும் சுத்துறதுதான் என் போட்டோகிராஃபி. கையில பழைய நிக்கான் டி3500, செகண்ட் ஹேண்ட். அதோட வந்த 18-55 லென்ஸ்தான், வேற கிடையாது.

போன வாரம் தெற்கு மாசி வீதியில ஒரு சந்து முனையில இஸ்திரி போடுற அண்ணன் ஒருத்தரை எடுத்தேன். காலை ஏழரை மணி, வெயில் அவருக்குப் பின்னாடி. ஃபோனுக்கு மாத்தி ஸ்னாப்சீட்னு ஒரு எடிட்டிங் ஆப்ல எச்டிஆர் (நிழலைத் தூக்கி வெளிச்சத்தை அடக்குற எஃபெக்ட்) போட்டு, சின்னச் சின்ன விவரத்தை எடுப்பாக்குற ஸ்ட்ரக்சரை 60க்கு ஏத்தி, முகமும் இஸ்திரிப் பெட்டியும் மட்டும் இருக்கிற மாதிரி கிராப் பண்ணேன். வீட்ல தங்கச்சி பார்த்துட்டு "சினிமா போஸ்டர் மாதிரி இருக்குடா"ன்னா. ரெண்டு நாள் சந்தோஷம். மூணாம் நாள் பார்த்தா என்னமோ இடிக்குது. என்னன்னு சொல்லத் தெரியல.

[படம்: எடிட் செஞ்சது]

அடி பலமா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

#2 பிக்சல்பாண்டி

பலமாவே அடிக்கிறேன் தலைவரே.

அவர் தலையைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம் ஓடுது பாருங்க. சாமி படத்துக்கு ஓகே, தேய்ப்பு வண்டிக்கு ஆகாது. ஸ்ட்ரக்சர் மாதிரி டூல் எல்லாம் கறுப்பும் வெளுப்பும் சேர்ற ஓரத்தைத் தேடிப் போய் வித்தியாசத்தை இன்னும் அதிகமாக்கும். பின்னாடி வெயில், முன்னாடி நிழல்ல தலை. அதைவிட நல்ல ஓரம் அதுக்கு எங்க கிடைக்கும்? மேஞ்சிருச்சு.

கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன் நான், திருச்சில. மாப்பிள்ளை தலையில இந்த வளையம் இருந்தா பொண்ணு வீட்டுக்காரங்க ஃபோன் போட்டுக் கேப்பாங்க.

இன்னொண்ணு, ஜேபெக்கைத்தான் நோண்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன். அதுல ஒரு நிறத்துக்கு 256 படிதான். நிழலை இழுத்து மேல ஏத்தினா படிக்குப் படி இடைவெளி விழுந்து கறை கறையாத் தெரியும். ரான்னா சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல். உங்க கேமரா ராவுல 12 பிட், அதாவது 4096 படி. ரா இருக்கா?

#3 நிழல்வெயில்

பாண்டி ஓரத்தைப் பார்த்தாருங்க, நான் முகத்தைத்தான் பார்த்தேன். தம்பி, அந்த அண்ணன் நல்ல கறுப்புதானே? படத்துல சாம்பல் பூத்த மாதிரி இருக்காரு.

இது உங்க தப்பு மட்டும் இல்லைங்க. கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் ஒரு நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், 18 சதவீதம்னு சொல்லுவாங்க. பின்னாடி தெருவே வெயில்ல பளபளன்னு இருந்தா "அடடா, வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு அதுவா குறைச்சிடும். முகம் இன்னும் இருண்டு போகும். அப்புறம் நாம ஃபோன்ல உட்கார்ந்து மொத்த நிழலையும் தூக்குறோம். தூக்கும்போது கறுப்புல இருக்கிற செம்மை போயிடுது, மினுமினுப்பும் போயிடுது. மிச்சம் சாம்பல்தான்.

இதைவிட மோசம் எடிட்டிங் ஆப்ல ஆரஞ்சு நிறத்தை மட்டும் மாத்துற ஸ்லைடர். தோல் நிறம் கிட்டத்தட்ட முழுசும் ஆரஞ்சுலதான் வரும். அதோட வெளிச்சத்தை ஏத்தினா ஆளே சிவப்பாயிடுவாங்க. காசுக்கு விக்கிற பிரீசெட் (ஒரே தட்டுல நிறத்தை மாத்துற ரெடிமேட் செட்டிங்) பலதும் இதைத்தான் சத்தமில்லாமச் செய்யுது. ஒரு தடவை எங்க பள்ளிக்கூடத்து ஆண்டு விழாப் படங்களுக்கு ஒரு பிரீசெட் போட்டேன். எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி வந்து, "மிஸ், இது நான் இல்லை"ன்னா. அன்னைக்கோட விட்டேன்.

நீங்க ஆரஞ்சைத் தொட்டீங்களா?

#4 தெற்குமாசி

தொட்டேன்க்கா. ப்ளஸ் 20. இப்பச் சொன்னதும் கூச்சமா இருக்கு.

பாண்டி அண்ணே, ரா ஃபைல் கார்டுல சும்மா கிடக்கு. ராவும் ஜேபெக்கும் சேர்த்துத்தான் எடுக்குறேன், ஆனா ராவைத் திறந்ததே இல்ல. வீட்ல தங்கச்சியோட காலேஜ் லேப்டாப் இருக்கு, அதுல ராவைத் திறக்கிற டார்க்டேபிள் சாஃப்ட்வேரை ஏத்திப் பாக்குறேன்.

அதுவரைக்கும் எதையும் தொடாத முழு ஃப்ரேம் இந்தா. லென்ஸ் துவாரம் எஃப் 4, ஷட்டர் 1/1250 செகண்ட், ஐஎஸ்ஓ 400.

[படம்: முழு ஃப்ரேம்]

#5 தெப்பக்குளம்

நம்ம ஊர்க்காரரா! அந்தச் சந்து எனக்குத் தெரியும், அந்த அண்ணனையும் தெரியும்.

மத்தவங்களுக்கு ஒரு தகவல். மதுரையில் தெருவெல்லாம் கோயிலைச் சுத்திச் சதுரத்துக்குள்ள சதுரம். தெற்கு மாசி, வடக்கு மாசி ரெண்டும் கிழக்கு மேற்கா ஓடுது. அதனால காலையிலும் சாயங்காலமும் வெயில் தெருவோட நீளத்துக்கே பாயும். கீழ மாசி, மேல மாசியில அது நடக்காது, ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமா கிடக்கும். பின்வெயில் வேணும்னா காலையில தெற்கு மாசியில கிழக்கு பார்த்து நிக்கணும். தம்பி தெரிஞ்சு நின்னாரோ தெரியாம நின்னாரோ, நின்ன இடம் சரி.

ஒரு சந்தேகம். முழுப் படத்துல இடது பக்கம் கைக்குப் பக்கத்துல புள்ளி புள்ளியா இருக்கே, அது என்ன? எடிட் பண்ண படத்துல காணோமே.

#6 தெற்குமாசி

சென்சார் தூசிண்ணே. செகண்ட் ஹேண்ட் கேமராதானே. புள்ளியை மறைக்கிற ஹீலிங் டூல் வச்சு ஒவ்வொண்ணா அழிச்சேன், இருபது நிமிஷம் ஆச்சு. மிச்சத்தைக் கிராப்ல தள்ளிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பைக் ஹேண்டில்பாரும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

#7 ரோல்120

தம்பி, அது தூசி இல்லை. தண்ணீர்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவர் இடது கையில் ஒரு பாட்டில் இருக்கிறது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருப்பார்கள். துணி மேல் தெளிக்கிறார். பின்னால் வெயில் இருப்பதால் ஒவ்வொரு சொட்டும் விளக்குப் போட்ட மாதிரி நிற்கிறது. 1/1250 என்பதால் அந்தரத்தில் அப்படியே உறைந்திருக்கிறது.

சென்சார் தூசி என்றால் கறுப்பாக, மங்கலாக, ஓரம் கலங்கித் தெரியும். எஃப் 11, எஃப் 16 என்று துவாரத்தைச் சுருக்கினால்தான் நன்றாகத் தெரியும். எஃப் 4இல் பெரும்பாலும் தெரியாது. முக்கியமாக, எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். இதற்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் வைத்துப் பாருங்கள்.

இருபது நிமிஷம் உட்கார்ந்து படத்தையே அழித்துவிட்டீர்கள்.

#8 பிக்சல்பாண்டி

😂😂 ஐயா, "படத்தையே அழித்துவிட்டீர்கள்" அடிச்சு ஃப்ரேம் போடணும்.

ஆனா சத்தியமா நானும் முதல்ல தூசின்னுதான் நினைச்சேன். சொல்லல, அவ்ளோதான்.

#9 தெற்குமாசி

முன்னாடி பின்னாடி எடுத்த நாலு படத்தையும் பார்த்துட்டேன். புள்ளி எதுலயும் இல்ல. ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. அந்தத் தண்ணி விழுற ஒரே படம் இதுதான், நான் அமுக்கும்போது எனக்கே தெரியாது. நான் பார்த்துக்கிட்டு இருந்தது பெட்டியத்தான். கொட்டாங்கச்சிக் கரி கனிஞ்சு ஓட்டை வழியாச் சிவப்பாத் தெரியுதான்னு பார்த்தேன்.

#10 சும்மாஒருத்தன்

சம்பந்தம் இல்லாத கேள்விதான், மன்னிச்சுக்கோங்க. ராத்திரி டீக்கடையில எடுத்தா படத்துல பட்டை பட்டையா கறுப்புக் கோடு விழுது. ஃபோன் போச்சா?

#11 பிக்சல்பாண்டி

ஃபோன் நல்லாத்தான் இருக்கு, லைட்டுதான் துடிக்குது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி ஒரு செகண்டுக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ப்ரோ மோட் போய் 1/100 இல்லேன்னா 1/50 வைங்க. பட்டை போயிடும்.

#12 நிழல்வெயில்

ஒரு விஷயம் யாருமே கேக்கலைங்க. அந்த அண்ணன்கிட்ட கேட்டுட்டு எடுத்தீங்களா தம்பி?

#13 தெற்குமாசி

இல்லக்கா. எடுத்துட்டு நடந்துட்டேன்.

#14 நிழல்வெயில்

திட்டலைங்க. முதல்லயே கேட்டா எல்லாரும் விறைச்சு நின்னுடுறாங்க, எனக்கும் தெரியும். நான் எடுத்துட்டு அப்புறம் போய்க் காட்டுவேன். பூ மார்க்கெட்ல ஒருக்கா ஒரு அம்மா பார்த்துட்டு, "வேண்டாம் கண்ணு, நான் இங்க வேலைக்கு வர்றது எம் பொண்ணு வீட்ல தெரியாது"ன்னாங்க. நல்ல படம்ங்க அது. மல்லி மூட்டை மேல சாஞ்சு தூங்கிட்டிருந்தாங்க. அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சேன். திரும்பி வர்ற வழியெல்லாம் மனசு கேக்கல, ஆனா அழிச்சதுல வருத்தம் இல்லை.

ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் குடுங்க. 4க்கு 6 போதும்.

#15 தெற்குமாசி

கண்டிப்பா குடுக்குறேன்க்கா. அதுக்கு முன்னாடி படத்தை ஒழுங்கா முடிக்கணும்.

டார்க்டேபிள்ல மூணு ராத்திரி உட்கார்ந்தேன். முதல் ராத்திரி எங்க என்ன இருக்குன்னு தேடுறதுலயே போச்சு. இப்பச் செஞ்சது இவ்வளவுதான்: மொத்தப் படத்தோட வெளிச்சத்தைத் தொடல. முகத்துக்கும் கைக்கும் மட்டும் ஒரு மாஸ்க் வரைஞ்சு, ஓரத்தை நல்லா மழுப்பி, வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் ஏத்தினேன் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). ஒயிட் பேலன்ஸ் கொஞ்சம் மஞ்சள் பக்கம். கிராப் இல்ல. ஹேண்டில்பார் இருக்கட்டும்னு விட்டுட்டேன், அது இல்லாம தண்ணி வராது.

கறுப்பு கறுப்பாவே இருக்கு இப்ப. நெத்தியில வேர்வை மினுங்குது, அதை இப்பத்தான் நானே பார்க்குறேன்.

[படம்: ரெண்டாவது எடிட்]

ஒரே ஒரு குழப்பம். கேபிள் ஒயர் ஒண்ணு அவர் தலைக்கு நேரா மேல குறுக்க போகுது. எடுத்துடவா?

#16 பிக்சல்பாண்டி

இது படம்!!

ஒயர் அஞ்சு நிமிஷ வேலை. எடுத்துடுங்க. பின்னாடி வெறும் வானம், தடயமே இருக்காது.

#17 தெப்பக்குளம்

வேண்டாம். மாசி வீதியில ஒயர் இல்லாத வானம் எங்கய்யா இருக்கு? அதை எடுத்துட்டா அது வேற ஊரு.

என் கதையைக் கேளுங்க. கோயிலுக்கு எதிர்ல புது மண்டபத்துல தூணுக்குத் தூண் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அங்க நிறைய எடுத்திருக்கேன். எடுத்ததையெல்லாம் கிராப் பண்ணி, "குப்பையா" இருந்த போர்டு, தொங்குற துணி, டீ டம்ளர் எல்லாத்தையும் வெட்டிட்டு, சிலையும் தையல்காரரும் மட்டும் வச்சேன். மெமரி இல்லைன்னு ஒரிஜினலை அழிச்சுட்டேன். அப்புறம் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு. இப்ப மண்டபம் காலியா, அழகா இருக்கு. சிலை எங்கயும் போயிடாது. எனக்கு வேணுங்கிறது அந்த டம்ளரும் போர்டும்தான்.

#18 பழையஏடு

கை வைக்காத படம்தான் உண்மையான படம் என்று பலரும் நினைக்கிறார்கள். மதுரையை வைத்தே ஒரு பதில் சொல்லலாம்.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு கேப்டன், சென்னை ராணுவத்தில் இருந்தவர். 1858இல் மதுரையைப் படமெடுத்தார். கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் இருக்கின்றன. காகித நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம் என்றால் உயிர். வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வரும். அவர் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார். மரத்து இலைகளைக்கூடத் தொட்டுத் திருத்தியிருக்கிறார்.

ஆக மதுரை வானத்தில் கைவைத்த முதல் ஆள் நம் தம்பி இல்லை. டிரைப் இல்லாததை வரைந்து சேர்த்தார், தம்பி இருப்பதை எடுக்கலாமா என்று கேட்கிறார், அதுதான் வித்தியாசம்.

கிராப் விஷயத்திலும் இப்படித்தான். தெருப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் கிராப்பே செய்யமாட்டார் என்பார்கள். பாரிஸில் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர், 1932இல் எடுத்தது, அவருடைய படங்களில் அதிகம் பேசப்பட்டவற்றில் ஒன்று. வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தை வெட்டத்தான் வேண்டியிருந்தது. (அவர் நம் பக்கமும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார்.)

#19 ரோல்120

நான் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். மாட்டுத்தாவணியில் பஸ் ஸ்டாண்ட் வருவதற்கு முந்தைய காலம் அது.

யாஷிகாவில் 120 ரோல், ரோலுக்குப் பன்னிரண்டு படம். கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம். பாஸ்போர்ட் படமோ பெண் பார்க்கக் கொடுக்கும் படமோ, டச்சிங் இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது. சாய்வு மேசையில் நெகட்டிவ்வை வைத்து, கீழே கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் எமல்ஷன் பக்கம், அதாவது ரசாயனம் பூசிய பக்கம், புள்ளி புள்ளியாகத் தொடுவோம். நெகட்டிவ்வில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ்க் கறுப்பு, எல்லாம் போகும். கறுக்க வேண்டுமென்றால் கத்தி முனையால் மெல்லச் சுரண்ட வேண்டும். கை நடுங்கினால் நெகட்டிவ் போச்சு, அன்டூ கிடையாது.

அதனால் எடிட்டிங் பாவம் என்று என்னால் சொல்ல முடியாது, சொன்னால் என் சோற்றையே பழிப்பதாகும். ஆனால் ஸ்டுடியோவுக்கு வருகிறவர் அவராகவே வந்து, தலை வாரி, பவுடர் போட்டு, "நல்லா எடுங்க" என்று காசு கொடுத்துவிட்டுப் போகிறார். தெருவில் நிற்கிறவர் எதையும் கேட்கவில்லை. அவருக்குச் சேவை செய்வதாக நினைத்துக்கொண்டு நாமாக எதையும் எடுக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது. ஒயர் இருக்கட்டும்.

#20 தெற்குமாசி

முடிவு பண்ணிட்டேன். இருந்தது இருந்தபடி. ஒயரைத் தொடமாட்டேன். இனிமே தெருப் படத்துல எதையுமே தொடமாட்டேன்.

#21 பிக்சல்பாண்டி

சரி சரி, சபதம் எல்லாம் வேணாம் 😄

#22 தெற்குமாசி

பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டு வந்தேன். நடந்ததை அப்படியே சொல்றேன்.

அண்ணன் கையத் தொடச்சுட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணிச் சொட்டைப் பத்திக் கேட்பார், ஆச்சரியப்படுவார்னு நான் நின்னுக்கிட்டு இருக்கேன். அவர் அதைக் கண்டுக்கவே இல்ல. படத்துல தன்னோட சட்டைக் காலரை விரலால தொட்டுக் காட்டினார்.

"ஊர் சட்டைக்கெல்லாம் பெட்டி போடுறேன், என் சட்டையப் பாரு தம்பி. மடிச்சுக் கசக்கின மாதிரி இருக்கு."

எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நாலு ராத்திரி அந்தப் படத்தையே பெருசாக்கிப் பார்த்தவன் நான். சுருக்கத்தை நான் பார்க்கவே இல்ல.

அப்புறம் கேட்டார்: "கம்ப்யூட்டர்ல இந்தச் சுருக்கத்த மட்டும் எடுத்துத் தர முடியுமா?"

என்ன செய்யட்டும்? #20ல வேற பெருசா எழுதி வச்சிருக்கேன்.

#23 சும்மாஒருத்தன்

ஸ்னாப்சீட்ல இஸ்திரிப் பெட்டி டூல் எதுவும் இருக்கா?

#24 பிக்சல்பாண்டி

ஹீலிங்ல போகாது. சுருக்கம்னா வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வர்றது. நிழல் விழுந்த கோட்டை மட்டும் சின்ன பிரஷ்ஷால கொஞ்சம் கொஞ்சமா வெளுக்கணும். ஃபைலை அனுப்புங்க, நான் பண்ணித் தர்றேன். காசு வேணாம்.

#25 நிழல்வெயில்

அவரே கேக்குறாருங்க, செஞ்சு குடுங்க. அவருக்கு ஒரு பிரிண்ட், உங்களுக்கு ஒண்ணு.

#26 ரோல்120

செய்யாதீர்கள். முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை.

அவர் கேட்பது இந்தப் படத்தை அல்ல தம்பி. இது உங்கள் படம். அவருக்கு வேண்டியது ஸ்டுடியோ படம். ஞாயிற்றுக்கிழமை போங்கள். அவர் சட்டைக்கு அவரே பெட்டி போட்டுக்கொண்டு நிற்கட்டும்.

#27 தெற்குமாசி

போனேன்.

வெள்ளைச் சட்டை. கை மடிப்பு கத்தி மாதிரி நின்னுச்சு. தலையில எண்ணெய் வச்சுப் படிய வாரியிருந்தார். வண்டி பக்கத்துல நிக்கச் சொன்னேன். "வண்டி வேண்டாம் தம்பி, வண்டி தெரியக் கூடாது"ன்னுட்டு எதிர்ச் சுவத்துல போய், ரெண்டு கையையும் தொடையோட ஒட்டி, அட்டென்ஷன்ல நின்னார். சிரிக்கச் சொன்னேன், சிரிக்கல. நிழல்ல நின்னதால முகத்துல வெளிச்சம் சீரா இருந்துச்சு, மீட்டரை மட்டும் அவர் முகத்துல வச்சுப் பார்த்தேன். மூணே படம்.

எடிட் பண்ண ஒண்ணுமே இல்ல. ஆனா சுவத்துக்கு மேல, அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி, அதே கேபிள் ஒயர். கேமரா திரையில காட்டினேன். அவர் முதல்ல பார்த்தது அதைத்தான்.

"இது என்ன, சனியன் மாதிரி? எடுத்துரு தம்பி."

எடுத்துட்டேன்.

பெருசா 8க்கு 12 போடலாம்னு இருக்கேன். மேட்டா, கிளாஸியா?

#28 ரோல்120

வீட்டில் மாட்டுவார் என்றால் கிளாஸி, ஃப்ரேம் போட்டு. வண்டியில் மாட்டுவார் என்றால் மேட். அந்தச் சூட்டில் கிளாஸி கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.